கழுத்தில் தொங்கிய பலகை

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானின் தென்கோடித் தீவுகளான ஓகினாவாவின் பள்ளிகளில் ஒரு காலத்தில் ஒரு சிறு மரப்பலகை இருந்தது. பெயர் 'ஹோகென் ஃபுடா', அதாவது வட்டார வழக்குப் பலகை. ஜப்பானியம் பேசாமல் வீட்டுமொழியில் பேசிவிட்ட பிள்ளையின் கழுத்தில் அதை மாட்டிவிடுவார்கள். கழற்ற வேண்டுமானால், அதே தப்பைச் செய்யும் இன்னொரு பிள்ளையைப் பிடித்தாக வேண்டும். அதனால் பலகை சுமந்த பிள்ளை, பக்கத்தில் நிற்பவனின் காலை மிதிக்கும். வலியில் அவன் வாயிலிருந்து 'அகா!' என்று தாய்மொழி வந்துவிடும். பலகை கைமாறும். இப்படிப் பிள்ளைகளே ஒருவரையொருவர் ஒற்றறிந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் சில பள்ளிகளில் இந்த வழக்கம் நீடித்தது.

அந்தப் பிள்ளைகளின் முன்னோர் ரியூக்யூ என்ற தனி அரசின் குடிகள். 1429-இல் ஒன்றுபட்ட அரசு அது. 1609-இல் தென் ஜப்பானியச் சிற்றரசான சத்சுமா படையெடுத்து அடக்கிய பின்னும் சீனாவுக்குத் திறை அனுப்பிக்கொண்டிருந்தது. 1879-இல் ஜப்பானின் மெய்ஜி அரசு படையும் காவலரும் அனுப்பி, தலைநகர் ஷுரியின் கோட்டையைக் கைப்பற்றி, கடைசி மன்னர் ஷோ தாயைத் தோக்கியோவுக்குக் கொண்டுபோனது. நாடு மாவட்டமாயிற்று.

அதன் பின் ஜப்பானியராகிக் காட்ட வேண்டிய கட்டாயம். 1903-இல் ஒசாகா கண்காட்சியையொட்டி ஓகினாவாப் பெண்களை, வட ஜப்பானின் ஐனு, தைவான் பழங்குடியினரோடு காட்சிக்கு நிறுத்தினார்கள். ஓகினாவாவில் கோபம் வெடித்தது. அந்தக் கோபத்தில் ஒரு பகுதி, 'எங்களை அவர்களோடு சேர்த்தீர்களே' என்பதாக இருந்தது. மனத்தை உறுத்தும் உண்மை இது. பின்னால் மீண்டும் வரும்.

இவ்வளவு முயன்றும் 1945 போரில், ஓகினாவாவில் இருந்த ஜப்பானின் 32-ஆம் படை, ஓகினாவா மொழி பேசுகிறவர்களை ஒற்றர்களாகக் கருதித் தண்டிக்க உத்தரவிட்டது. வீட்டுமொழி தவிர வேறெதுவும் பேசத் தெரியாத முதியவர்களை நினைத்துப் பாருங்கள். அந்தப் போரில் மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மாண்டார்.

பிறகு 27 ஆண்டுகள் அமெரிக்க ஆட்சி. ஜப்பானிலிருந்து பிரித்துக் காட்ட, 'ரியூக்யூ' என்ற பெயரை அமெரிக்கர்களே ஊக்குவித்தார்கள். ராணுவத் தளங்களுக்காக நிலம் இழந்தவர்களோ, ஜப்பானிய அரசியல் சட்டத்தின் காப்பை நாடி, 'நாங்கள் ஜப்பானியர்' என்று போராடினார்கள். 1972 மே 15-இல் ஜப்பானோடு சேர்ந்தார்கள், தளங்கள் போகவில்லை. ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 விழுக்காடே உள்ள ஓகினாவாவில்தான், அந்நாட்டில் அமெரிக்கப் படைக்கு மட்டுமென ஒதுக்கப்பட்ட தளங்களின் பரப்பில் சுமார் 70 விழுக்காடு இருக்கிறது. அங்கே ஹெனோகோவில் கடலை நிரப்பி அமெரிக்கத் தளம் கட்டுவதை 2019 வாக்கெடுப்பில் 72 விழுக்காட்டினர் எதிர்த்தார்கள். கட்டுமானம் நிற்கவில்லை.

2008-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, இவர்களையும் பூர்வகுடிகளாக ஏற்கும்படி ஜப்பானைக் கேட்டது. அரசு ஐனுக்களை மட்டுமே ஏற்கிறது. ஓகினாவாவிலேயே டோமிகுசுகு நகரமன்றம் 2015-இல் அந்தப் பரிந்துரையை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 1903-இன் கூச்சம் அதிலும் ஒலிப்பதாகவே எனக்குப் படுகிறது.

'ஓகினாவா மக்கள்' என்று ஒரே பெயரில் அடக்குவதிலும் சிக்கல் உண்டு. அதே தொடரின் தெற்கே உள்ள மியாகோ, யாயெயாமா தீவுகளின் மீது ஷுரி அரசு விதித்த தலைவரி 1903 வரை நீடித்தது. 'உச்சினாஞ்சு' என்பது ஓகினாவாத் தீவினருக்கான பெயர் என்றே மியாகோக்காரர் பலர் கருதுகிறார்கள். 'நன்றி' என்ற சொல்லையே பாருங்கள்: ஓகினாவாத் தீவில் 'நிஃபே தேபிரு', மியாகோவில் 'தண்டிகா தண்டி', யோனாகுனியில் 'ஃபுகராசா'. தோக்கியோவில் 'அரிகாதோ'. தீவுகளின் மொழிகளை ஜப்பானியத்தின் வட்டார வழக்கு என்றுதான் அங்கே சொல்லிவந்தார்கள். யுனெஸ்கோ 2009-இல் இந்தத் தீவுத் தொடரில் ஆறு தனி மொழிகளைக் கணக்கிட்டு, ஆறும் அழியும் நிலையில் இருப்பதாக அறிவித்தது.

இப்போது செப்டம்பர் 18 தீவுமொழி நாள். ஒன்பது, பத்து, எட்டு ஆகிய எண்களின் ஒலிகளைக் கோத்தால் 'குதுபா', அதாவது மொழி. பாட்டிமார் பள்ளிக்கு வந்து பேசிக் காட்டுகிறார்கள். எழுதும்போதுதான் இடறுகிறது. 'வா' என்று இயல்பாகச் சொன்னால் 'என்னுடைய'. தொண்டையை ஒரு கணம் அடைத்துச் சொன்னால் 'பன்றி'. அந்த அடைப்புக்கு ஜப்பானியக் கானா எழுத்தில் தனி எழுத்து கிடையாது.