மலிவாகக் கட்டிய கவுன்சில் வீடு

(லண்டன் தமிழர் கூட்டமொன்றில் பேசியது)

அன்பானவர்களே, வணக்கம்.

1968 மே 16, விடிகாலை. கிழக்கு லண்டன் நியூஹாமில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடம். எல்லாம் கவுன்சில் வீடுகள், அதாவது உள்ளாட்சி வாடகைக்கு விடக் கட்டியவை. ஆட்கள் குடியேறி இரண்டே மாதம். 18ஆம் மாடியில் ஒரு பெண்மணி தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்து வெளிச்சுவர் பிய்ந்தது. கட்டடத்தின் அந்த மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. 4 பேர் இறந்துபோனார்கள். அடுப்பைப் பற்றவைத்தவர் உயிர் தப்பினார்.

தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கி எழுப்பிய கட்டடம் அது. வேலை சீக்கிரம் முடியும், ஆள்கூலி குறையும் என்பது கணக்கு. சரிந்த மூலையைத் திரும்பக் கட்டி, பலப்படுத்தி, மறுபடி ஆட்களைக் குடிவைத்தார்கள். 1986இல் மொத்தமாகப் பிரித்தபோது, பலகைகள் சேரும் இடுக்குகளில் கான்கிரீட் இருக்க வேண்டிய இடத்தில் செய்தித்தாளைத் திணித்திருந்தது தெரிந்தது. பதினெட்டே வருஷம். கட்டிய செலவு, பலப்படுத்திய செலவு, பிரித்த செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், மலிவு எங்கே போயிற்று?

2017இல் லண்டனிலேயே கிரென்ஃபெல் கோபுரம் என்ற கவுன்சில் குடியிருப்பு தீப்பிடித்தது. அதற்கு முன் புதுப்பித்தபோது வெளிச்சுவருக்குத் துத்தநாகத் தகட்டை விட்டுவிட்டு, உள்ளே பாலிஎத்திலீன் என்ற எரியக்கூடிய பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகடு போட்டதில் மிச்சம் பிடித்தது சுமார் 3 லட்சம் பவுண்டு. தீ அந்தத் தகடு வழியாகத்தான் ஏறியது. 72 உயிர்கள். அதற்கு மேல் பேச எனக்கு நா எழவில்லை.

சிக்கனத்தோடு பலனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி 1999லேயே இங்கிலாந்தில் உள்ளாட்சிகளுக்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் டெண்டர் திறக்கிற அன்றைக்குக் குறைந்த தொகை எது என்பதிலேயே பல இடங்களில் பேச்சு நின்றுவிடுகிறது. ஆனால் நாரிச் நகரக் கவுன்சில் கோல்ட்ஸ்மித் தெருவில் நூறு வீடுகளுக்கு மேல் கட்டியது. சுவரும் ஜன்னலும் சூட்டை வெளியே விடாது, அதனால் குடியிருப்பவருக்கு ஹீட்டிங் பில் குறைவு. 2019இல் நாட்டின் பெரிய கட்டடக்கலைப் பரிசான ஸ்டெர்லிங் பரிசு அந்தக் கவுன்சில் வீடுகளுக்குத்தான் கிடைத்தது. முடியும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

போன குளிர்காலம் நம் தங்கை ஒருத்தியின் கவுன்சில் வீட்டுக்குப் போயிருந்தேன். தொட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டிருந்தாள். சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். மூன்று தடவை வந்து பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குளியலறையில் ஈரக்காற்றை வெளியே தள்ள வேண்டிய காற்றாடி ஓடாமல் கிடக்கிறது, அதை ஒருவரும் கழற்றிப் பார்க்கவில்லை. அந்தப் பெயின்ட் கூலியில் புதுக் காற்றாடியே மாட்டியிருக்கலாம்.

அடுத்த வாரம் குடியிருப்போர் கூட்டம் இருக்கிறது. பராமரிப்புச் செலவை எத்தனை வருஷத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று கவுன்சில்காரர்களை எழுந்து கேளுங்கள். தங்கையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்.