வாசற்படியில் நிற்கும் தந்தையர்

(கடலூர், திருப்பாதிரிப்புலியூரில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அவையைக் கட்டிப்போட்டுவிட்டுப் போன ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர் அம்மையார் அவர்களே, வார்டுப் பணிகளுக்கு இடையிலும் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைக் கொடுத்ததோடு இந்தப் புழுக்கத்தில் மின்விசிறிகளையும் பழுதுபார்த்துக் கொடுத்திருக்கும் மண்டப உரிமையாளர் ஐயா அவர்களே, ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாற்காலி எண்ணிக்கையை விடக் கூடுதலாகவே ஆள் திரட்டிவிடுகிற நம் செயலாளர் அவர்களே, பின்வரிசையில் கைக்குழந்தைகளோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சுவரோரம் நிற்கும் ஆண்களே, அனைவருக்கும் வணக்கம்.

'குடும்பமும் மகப்பேறும்' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு வாசற்படி என்பது நம் பக்கத்துப் பழமொழி. நான் எங்கே பேசினாலும் அதில்தான் தொடங்குகிறேன் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும், குடும்பத்தைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்கு அகப்படவில்லை. எதிர்பாராமல் வரும் கருவைப் பற்றியும், அந்த நேரத்தில் வீட்டில் எழுகிற பிணக்குகளைப் பற்றியும், பிரசவச் செலவைப் பற்றியும் மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்.

கரு எப்போதும் நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை. நாற்பத்து மூன்று வயதில் மாதவிலக்கு தள்ளிப்போனால், 'எல்லாம் நிற்கிற காலம்' என்று பெண்கள் தாங்களே முடிவுகட்டிக்கொள்கிறார்கள். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கொள்ள வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. அதற்குள் சிலருக்கு ஐந்து மாத வயிறு தெரியத் தொடங்கிவிடுகிறது. மகளுக்கு வளைகாப்பு நடத்துகிற ஆண்டில் தாயும் மசக்கையில் படுத்து, மருமகனைவிட இளையவனாக ஒரு தாய்மாமன் பிறந்த வீடுகள் நம் தெருக்களிலேயே உண்டு. அந்தத் தாய் வெளியே தலைகாட்டக் கூசியதையும், அவள் கணவர் ஒன்றும் அறியாதவர்போல் திண்ணையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்ததையும் மூத்தவர்கள் அறிவார்கள். பால் கொடுக்கும் வரை பிள்ளை தங்காது என்று பாட்டிமார் சொல்வதும் பாதிதான் உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாதிருக்க வேண்டும், தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காதிருக்க வேண்டும், மாதவிலக்கும் திரும்பாதிருக்க வேண்டும். இம்மூன்றும் கூடியிருக்கும் வரையில்தான் அந்த நம்பிக்கை பெரும்பாலும் பலிக்கும். விலக்குத் திரும்புவதற்கு முன்பே சினைமுட்டை வெளிவந்துவிடக் கூடும் என்பதால், 'விலக்கே வரவில்லையே, எப்படி?' என்று கைக்குழந்தையோடு மருத்துவர் முன்னால் விழிக்கிற பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரட்டைப் பிள்ளை என்பது இன்னொரு வகை வியப்பு. இப்போது மூன்றாம் மாத ஸ்கேனிலேயே தெரிந்துவிடுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அப்படியில்லை. எங்கள் அண்ணிக்கு நடந்ததைச் சொல்கிறேன். மருத்துவர் அம்மா சிரிக்காமல் கேட்க வேண்டும்.

அண்ணிக்கு வலி கண்டது ஒரு விடியற்காலையில். வயிறு சற்றுப் பெரிதாகத்தான் இருந்தது. பனிக்குடம் நீர் கூடுதல், பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும் என்று வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மருத்துவமனைக்குள் அண்ணியை அழைத்துப் போனதும் அண்ணனை வாசற்படியிலேயே நிறுத்திவிட்டார்கள். அக்காலத்து வழக்கம் அது. வேப்பமரத்தடியில் நின்றவர் எட்டு மணிக்கு மேல் ஆயாம்மா எட்டிப் பார்த்து, "பொம்பளைப் புள்ளைங்க" என்று சொன்னதும் ஐந்து ரூபாய்த் தாளை அவர் கையில் திணித்துவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டார். மஞ்சக்குப்பத்துக் கடையில் ஒரு கிலோ கற்கண்டு வாங்கி, பொட்டலத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, கூத்தப்பாக்கம் வரை ஒரு வீடு விடாமல், "மகாலட்சுமி பொறந்திருக்கா" என்று கொடுத்துக்கொண்டே போனார். பேரன்தான் என்று பந்தயம் கட்டியிருந்த அண்ணியின் சித்தப்பா கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மளிகைக்கடைக்காரர், தபால்காரர், வழியில் சலவைத்துணி மூட்டையோடு வந்தவர் என்று எல்லோருக்கும் கொடுத்து, பொட்டலம் காலியாகி, பதினோரு மணிக்குத் திரும்பி வந்தார்.

அதே ஆயாம்மா வாசற்படியில் நின்றார். "இன்னும் ஒண்ணு இருக்குங்க" என்றார். அண்ணனுக்குச் சுருக்கென்று கோபம். "காலையிலதானே அஞ்சு ரூபா கொடுத்தேன், இன்னும் ஒண்ணுன்னா எப்படிம்மா?" என்றார். "ரூபா இல்லைங்க, புள்ளைங்க. ஆம்பளைப் புள்ள" என்றார் அவர். நம்பாமல் நின்றவரை எங்கள் அம்மா உள்ளேயிருந்து வந்து பார்த்து, "ஊரெல்லாம் சுத்தினியே, ஒரு தரம் உள்ள வந்து எட்டிப் பார்த்தியாடா?" என்று கேட்டார். மீண்டும் அதே கடைக்குப் போனார். "ஒரு பிள்ளைக்கு எத்தனை தரம் கற்கண்டு?" என்றார் கடைக்காரர். காலையில் பெண் என்றவர் மதியம் பையன் என்று சொல்லிக்கொண்டு வருவதைப் பார்த்து, மகிழ்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று கூத்தப்பாக்கத்தில் ஒரு வீட்டில் மோர் கொடுத்து உட்காரவைத்தார்கள். சித்தப்பா மட்டும் ஓடிவந்து கூடுதலாக ஒரு கை கற்கண்டு அள்ளிக்கொண்டாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அண்ணியும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் ஒரு வரி சேர்த்துச் சொல்வார்: "முதல் பிள்ளை பொறந்தப்புறமும் வலி நிக்கலை. உள்ள ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்து அவரைக் கூப்பிடச் சொன்னேன். ஆள் இல்லைன்னுட்டாங்க."

நான் இங்கே வந்திருப்பது அந்த ஒரு வரிக்காகத்தான். வீட்டுக்கு வீடு வாசற்படி இருப்பது சரி. தந்தையை அந்தப் படியிலேயே நிறுத்திவைப்பது சரிதானா? தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நல்ல வழக்கம். பெண்ணுக்கு ஓய்வும் தாயின் கைப்பக்குவமும் கிடைக்கின்றன. அந்த வழக்கத்தின் நிழலில் கணவன் ஐந்து மாதம் விருந்தாளியாகிவிடுகிறான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியில் அடுத்த தவணை எப்போது வரும் என்று அவனுக்குத் தெரிகிறது. மனைவி நாள்தோறும் ஓர் இரும்புச்சத்து மாத்திரை வீதம் 180 நாள் விழுங்க வேண்டும் என்பதும், அதைத் தேநீரோடு விழுங்கினால் சத்துச் சரியாகச் சேராது என்பதும், ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் சோகை என்பதும் தெரிவதில்லை. பிணக்குகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன. மாமியார் ஒன்று சொல்ல, சம்பந்தியம்மாள் வேறொன்று சொல்ல, மருத்துவர் சொன்னதை நேரில் கேட்ட ஆண் ஒருவன் நடுவில் இல்லாததால், பப்பாளித் துண்டு ஒன்று இரண்டு குடும்பங்களின் மானப் பிரச்சினையாகிவிடுகிறது.

ஆண்களை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனமில்லை. சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிறவன் ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி போகிறது. தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் பிள்ளை பிறந்தால்தான் தகப்பன் கரையில் இருப்பான். பிள்ளைகள் மீன்வளத் துறையைக் கேட்டுக்கொண்டா பிறக்கின்றன? 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் தாய்க்கு 26 வாரம் விடுப்புத் தந்தது. தமிழ்நாட்டு அரசுப் பணியில் இருக்கும் பெண்ணுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு உண்டு. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் உண்டு. தனியாரிடம் உழைக்கும் தந்தைக்கு அந்த 2017ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு நாள்கூடத் தரவில்லை. பிள்ளை என்னவோ இரண்டு பேருக்கும்தான் பிறக்கிறது.

பிரசவ அறையில் பெண்ணுக்குத் துணையாக ஒருவர் இருக்கலாம் என்றும், மறைவுக்கு வசதி உள்ள இடங்களில் கணவரையே அனுமதிக்கலாம் என்றும் மத்திய சுகாதார அமைச்சகம் 2016இலேயே வழிகாட்டியிருக்கிறது. ஆகவே நாம் கேட்பது புதுமையான எதுவுமில்லை. கட்டிலுக்குக் கட்டில் ஒரு திரைச்சீலை, பக்கத்தில் ஒரு நாற்காலி, வெளியே காத்திருக்கும் ஆண்களுக்கு ஒரு கழிப்பறை. இவற்றுக்குப் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டுமா என்று மாமன்ற உறுப்பினர் அவர்களையே கேட்கிறேன். அவர் தலையசைப்பதை எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் அறைக்கும் கணவன் போகட்டும். அங்கே ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்கக் கூடாது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம். பந்தயம் கட்டும் சித்தப்பாக்கள் பிள்ளை பிறக்கும் வரை பொறுத்திருக்கலாம்.

பிரசவச் செலவைப் பற்றி மூன்றாவதாகப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். செயலாளர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். எனக்குப் பின்னால் ஒரு கவியரங்கமும் காத்திருக்கிறது. வெளியே மேசைமீது மனுப் படிவங்கள் வைத்திருக்கிறோம். தனியார் பணியில் உள்ள தந்தையருக்கு 15 நாள் ஊதியத்துடன் விடுப்பு வேண்டும் என்று ஒன்று முதலமைச்சருக்கு; நம் மாவட்டத்து அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைகளில் திரையும் நாற்காலியும் வேண்டும் என்று இன்னொன்று மாவட்ட ஆட்சியருக்கு. முதல் கையெழுத்தைப் போட மருத்துவர் அம்மையார் இசைந்திருக்கிறார். கையெழுத்திடுகிறவர்கள் பெயரும் செய்கிற தொழிலும் எழுதினால் போதும். வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டாம், நாளைக்கு உங்களுக்குத் தொல்லை வரக் கூடாது. சுவரோரம் நிற்கும் ஆண்கள் முதலில் வரட்டும். தாய்மார்களின் கைக்குழந்தைகளைச் சற்று நேரம் வாங்கிக்கொண்டால் அவர்களும் கையெழுத்துப் போடுவார்கள். வணக்கம்.