வாக்கு கூடினால் உற்சாகம் கூடியதாகுமா? அமெரிக்க உட்கட்சித் தேர்தல் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நடக்கும் ஆண்டு பிறந்தாலே, இரு பெரிய கட்சிகளின் உட்கட்சித் தேர்தல் தொடங்கிவிடும். கட்சியின் வேட்பாளர் யார் என்பதை மாநிலம் மாநிலமாக வாக்காளர்களே தீர்மானிக்கிறார்கள். சில மாநிலங்களில் பிரைமரி, அதாவது வழக்கமான வாக்குச்சாவடித் தேர்தல். சில மாநிலங்களில் காக்கஸ், அதாவது குறித்த நேரத்தில் நேரில் கூடி முடிவெடுக்கும் கூட்டம். ஒவ்வொரு மாநிலத்தின் முடிவு வந்ததும், எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கட்சித் தொண்டர்களுக்கு உற்சாகம் பொங்குகிறது என்றோ வற்றிவிட்டது என்றோ தொலைக்காட்சிகள் தீர்ப்பு எழுதிவிடும். அந்த எண்ணிக்கை உண்மையில் எதைச் சொல்கிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

இதற்கு 2012ஆம் ஆண்டின் குடியரசுக் கட்சிப் போட்டியைவிட நல்ல பாடம் கிடையாது. மிட் ராம்னி, ரிக் சான்டோரம், நியூட் கிங்ரிச், ரான் பால் ஆகிய நால்வர்தான் கடைசிவரை களத்தில் நின்றார்கள். ராம்னி மீது கட்சியின் அடித்தளத்துக்குப் பிடிப்பே இல்லை என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள். 2008உடன் ஒப்பிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். ஐயோவாவில் 1 லட்சத்து 19 ஆயிரமாக இருந்தது 1 லட்சத்து 21 ஆயிரத்து 500 ஆனது. ஏறத்தாழ அதே அளவு. தென் கரோலினாவில் 4 லட்சத்து 45 ஆயிரம், 6 லட்சத்தைத் தாண்டியது. பத்தே நாள் கழித்து ஃபுளோரிடாவில் 19 லட்சத்து 50 ஆயிரமாக இருந்தது 16 லட்சத்து 70 ஆயிரமாகக் குறைந்தது. அதற்கடுத்த வாரம் மிசௌரியில் 5 லட்சத்து 89 ஆயிரம், 2 லட்சத்து 52 ஆயிரமாகச் சரிந்தது. ஏப்ரலில் விஸ்கான்சினில் 4 லட்சத்து 10 ஆயிரம் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. கட்சி அதே கட்சி. உற்சாகம் ஒரு மாநிலத்தில் ஏறி அடுத்த மாநிலத்தில் இறங்குமா?

ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருந்தது. தென் கரோலினாவில் வாக்காளர்கள் கட்சிவாரியாகப் பதிவு செய்வதில்லை. யார் வேண்டுமானாலும் வந்து வாக்களிக்கலாம். அப்போது அதிபராக இருந்த ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவுக்கு உட்கட்சிப் போட்டியே இல்லாததால், அந்த ஆண்டு சுயேச்சை மனப்போக்குள்ள வாக்காளர்களுக்குப் போக வேறு இடம் இல்லை. அதோடு, கடைசி வாரத்தின் இரண்டு விவாதங்களில் கிங்ரிச் பாய்ந்து முன்னேறினார். முடிவு தெரியாத போட்டிக்குக் கூட்டம் வரத்தான் செய்யும். ஃபுளோரிடாவில் நிலைமை தலைகீழ். அங்கே கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே வாக்களிக்க முடியும். அதைவிட முக்கியமான விஷயம், 2008 ஜனவரியில் அதே வாக்குச்சீட்டில் வீட்டு வரிச் சலுகைக்கான அரசியல் சட்டத் திருத்தமும் இருந்தது. வீட்டு வரிக்காக வந்தவர்கள் அதிபர் வேட்பாளருக்கும் சேர்த்து வாக்களித்தார்கள். 2012இல் அந்த ஈர்ப்பு இல்லை. 2008ஐ அடிப்படையாக வைத்து “உற்சாகம் சரிந்தது” என்று எழுதியவர்களில் எத்தனை பேர் இதைக் குறிப்பிட்டார்கள்?

மிசௌரியில் அன்று நடந்த பிரைமரிக்குப் பயனே இல்லை. கட்சி வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநாட்டுப் பிரதிநிதிகளை முடிவு செய்யும் வேலையைக் கட்சி பின்னால் நடக்கவிருந்த காக்கஸுக்கு மாற்றிவிட்டது. கிங்ரிச்சின் பெயர் வாக்குச்சீட்டிலேயே இல்லை. அப்படியும் இரண்டரை லட்சம் பேர் வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். வர்ஜீனியாவில் வாக்குச்சீட்டில் பெயர் இடம்பெற 10,000 கையெழுத்துகள் வேண்டும், அதில் 11 நாடாளுமன்றத் தொகுதி ஒவ்வொன்றிலிருந்தும் 400 இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. ராம்னியும் ரான் பாலும் மட்டுமே அதைத் தாண்டினார்கள். கையெழுத்து வாங்கும் வேலையைக் கடைசி நேரம் வரை தள்ளிப்போட்டால் செல்லாத கையெழுத்துகளை ஈடுகட்ட நேரம் இருக்காது. இரண்டே பெயர் உள்ள சீட்டுக்கு 2 லட்சத்து 65 ஆயிரம் பேர் வந்தார்கள். 2008இல் வந்தது 4 லட்சத்து 89 ஆயிரம்.

விஸ்கான்சின் ஏன் இரட்டிப்பானது? 2008இல் அந்த மாநிலத்தின் முறை வந்தபோது குடியரசுக் கட்சியில் மெக்கெய்ன் ஏறக்குறைய வென்றுவிட்டார். மறுபக்கம் ஒபாமாவும் ஹிலாரியும் மோதிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கட்சியின் போட்டியிலும் வாக்களிக்கலாம் என்ற மாநிலத்தில் மக்கள் சூடான போட்டி நடக்கும் பக்கம் போவார்கள். 2012இல் சூடு குடியரசுக் கட்சிப் பக்கம். அதனால்தான் இரு கட்சிகளிலும் எதில் போட்டி இருந்தது, எதில் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த ஒப்பீட்டையும் நம்பாதீர்கள் என்கிறேன்.

அடுத்தது விகிதம். ஐயோவாவின் 1 லட்சத்து 21 ஆயிரத்து 500 பேர் என்பது எத்தனை சதவீதம்? கட்சியில் பதிவு செய்தவர்கள் சுமார் 6 லட்சம் என்று வைத்தால் 20 சதவீதம். வாக்களிக்கத் தகுதியுள்ள மக்கள் எல்லோரையும் வைத்துக் கணக்கிட்டால் 6 சதவீதம்கூட வராது. இரண்டும் சரியான கணக்குதான். ஆனால் காக்கஸ் நடக்கும் இரவிலேயே வந்து கட்சியை மாற்றிப் பதிவு செய்துகொள்ள ஐயோவாவில் அனுமதி உண்டு என்பதால், பதிவு செய்தவர்களை மட்டும் வகுக்கும் எண்ணாக வைப்பது அங்கே பிழையாகிவிடும். மாநிலங்களை ஒன்றோடொன்று ஒப்பிடத் தகுதியுள்ள மக்கள்தொகைதான் பொருத்தமான அடிப்படை. அந்தக் கணக்கில் இரு கட்சிகளையும் சேர்த்து 2008இல் நாடு முழுவதும் சுமார் 30 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 2016இல் 28 சதவீதத்துக்குச் சற்று மேல். பெரிய ஆண்டுகளிலேயே பத்தில் ஏழு பேர் வீட்டில் இருந்துவிட்டார்கள்.

அப்படியானால் ஒரு வேட்பாளர் மீதான உண்மையான உற்சாகத்தை எங்கே தேடுவது? காக்கஸ் அறைக்குள் தேடலாம். ஐயோவாவில் 2012 ஜனவரி 3 இரவு 7 மணிக்கு, பள்ளிக்கூடங்களிலும் தேவாலயக் கூடங்களிலும் 1,774 வட்டாரக் கூட்டங்கள் தொடங்கின. ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் எழுந்து சில நிமிடம் பேசுவார். பிறகு சிறு காகிதத் துண்டில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லார் முன்னிலையிலும் எண்ணி, எண்ணிக்கையைப் படிவம் ஒன்றில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புவார்கள். எண்ணுபவர்கள் தன்னார்வலர்கள்தான். அன்றிரவு ராம்னி 8 வாக்கில் வென்றதாக அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்துச் சரிபார்த்தபோது சான்டோரம் 34 வாக்கு முன்னே இருந்தார். எட்டு வட்டாரங்களின் படிவம் கிடைக்கவே இல்லை.

காகிதத்தை எண்ணி முடித்ததும் பெரும்பாலோர் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். கூட்டம் அதோடு முடிவதில்லை. மாவட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அறையில் மிச்சம் இருப்பவர்களிலிருந்துதான் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களிலிருந்து மாநில மாநாடு, அதிலிருந்து தேசிய மாநாடு. அன்று எழுதிய காகித வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது என்பது அப்போதைய விதி. ரான் பாலின் ஆதரவாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்கள் எழுந்து போகவில்லை. 21 சதவீத வாக்குடன் மூன்றாம் இடம் பிடித்த அவருக்கு, ஆகஸ்டில் டாம்பாவில் நடந்த தேசிய மாநாட்டில் ஐயோவாவின் 28 பிரதிநிதி வாக்குகளில் 22 விழுந்தன. வென்றவர்களின் ஆதரவாளர்களைவிட மூன்றாமவரின் ஆதரவாளர்களுக்கு உற்சாகம் அதிகம் என்பதை எந்த வாக்குப்பதிவு எண்ணிக்கையும் காட்டவில்லை; காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர்கள் காட்டினார்கள். இதன் பிறகு, மாநில அளவில் வாக்கெடுப்பு நடந்தால் பிரதிநிதிகள் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று கட்சி விதியையே மாற்றியது.

உற்சாகம் மட்டும் இருந்தாலும் வாக்கு விழுந்துவிடாது. 2004இல் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் போட்டியிட்ட ஹாவர்டு டீனுக்கு இணையம் வழியாகச் சிறு தொகைகள் குவிந்தன. ஆரஞ்சு நிறக் குல்லாய் அணிந்த ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வெளிமாநிலங்களிலிருந்து ஐயோவாவுக்கு வந்து கதவு கதவாகத் தட்டினார்கள். கிடைத்தது 18 சதவீதம், மூன்றாம் இடம். வெளியூர்க்காரர் வந்து யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று சொன்னால் ஊர்க்காரருக்கு உறைக்காது. நான்கு ஆண்டு கழித்து ஒபாமாவின் குழு அந்தந்த வட்டாரத்திலேயே வசிப்பவர்களைப் பொறுப்பாளர்களாக்கி, காக்கஸில் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே பயிற்சி கொடுத்தது. 1 லட்சத்து 24 ஆயிரமாக இருந்த கூட்டம் 2 லட்சத்து 40 ஆயிரத்தை நெருங்கியது. நுழைவாயில் கருத்துக்கணிப்பின்படி, வந்தவர்களில் 57 சதவீதம் பேர் முதல்முறையாக வந்தவர்கள். நான் முதலில் தேடும் எண் இதுதான்: புதியவர்கள் எத்தனை பேர்.

நீண்ட வரிசையைக் காட்டி “பாருங்கள் ஆர்வத்தை” என்று சொல்லும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். 2016 மார்ச் 22 அன்று அரிசோனாவின் மாரிகோபா கவுண்டியில் நள்ளிரவு தாண்டியும் மக்கள் வரிசையில் நின்றார்கள். 2012இல் 200க்கும் மேல் இருந்த வாக்குச்சாவடிகளைச் செலவு மிச்சம் என்று 60 ஆகக் குறைத்திருந்தார்கள். அஞ்சலில் நிறையப் பேர் வாக்களிப்பார்கள் என்ற கணிப்பும் தப்பிப்போனது. தங்களுக்கு வாக்கில்லை என்று தெரியாமல் வந்த சுயேச்சை வாக்காளர்களுக்குத் தற்காலிக வாக்குச்சீட்டு கொடுத்து எழுதவைத்ததில் வரிசை இன்னும் நீண்டது. 2020 மார்ச் 3இல் ஹூஸ்டனில் வேறொரு கோளாறு. இரு கட்சியினருக்கும் பொதுவான இயந்திரங்களை வைக்க உடன்பாடு ஏற்படாததால், ஒவ்வொரு சாவடியிலும் இயந்திரங்களைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். டிரம்ப்புக்குப் பெரிய போட்டி இல்லாத குடியரசுக் கட்சிப் பக்கம் இயந்திரங்கள் சும்மா இருந்தன. ஜனநாயகக் கட்சிப் பக்கம் ஆறு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, கடைசி ஆள் வாக்களித்தபோது இரவு மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. அது நிர்வாகம் மக்களுக்கு இழைத்த அநீதி. காத்திருக்க முடியாமல் திரும்பிப் போனவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

நியூயார்க்கில் வரிசைக்கே வர முடியாமல் போனவர்கள் உண்டு. 2016 ஏப்ரல் 19 தேர்தலில் வாக்களிக்க, ஏற்கெனவே பதிவானவர்கள் கட்சியை மாற்றிக்கொள்ள வேண்டிய கடைசி நாள் 2015 அக்டோபர் 9. டிரம்ப்பின் மகளும் மகனுமே அந்தத் தேதியைத் தவறவிட்டு, தந்தைக்கு வாக்களிக்க முடியாமல் நின்றார்கள்.

உட்கட்சித் தேர்தலில் கூட்டம் அதிகம் என்றால் நவம்பர் அதிபர் தேர்தலில் வெற்றி என்பார்கள். 2008லும் 2016லும் அப்படித்தான் அமைந்தது. 1988ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனநாயகக் கட்சிப் பிரைமரிகளில் சுமார் 2 கோடியே 30 லட்சம் வாக்குகள். குடியரசுக் கட்சியில் 1 கோடியே 20 லட்சம். நவம்பரில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ், அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்குகளில் 426 பெற்று, ஜனநாயகக் கட்சியின் மைக்கேல் டுகாகிஸைத் தோற்கடித்தார். ஜனநாயகக் கட்சியில் பலர் நீண்ட நாள் மோதிக்கொண்டதால் வாக்கு கூடியது, அவ்வளவுதான்.

போட்டியே இல்லாத தேர்தலிலும் படிக்க வேண்டியது உண்டு. மிச்சிகன் வாக்குச்சீட்டில் “யாருக்கும் உறுதியில்லை” என்ற கட்டம் அச்சிடப்பட்டிருக்கும். 2024 பிப்ரவரி 27இல் காஸா போர் தொடர்பாக பைடனுக்கு எதிர்ப்புத் தெரிவிக்க விரும்பியவர்கள் அதைக் குறிக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தார்கள். 1 லட்சத்துக்கும் மேல் விழுந்தது. 2012இல் ஒபாமா போட்டியின்றி நின்றபோது அதே கட்டத்துக்கு விழுந்தவை சுமார் 21 ஆயிரம். ஐந்து மடங்கு என்று தலைப்பு எழுதலாம். ஆனால் 2012இல் அது மொத்த வாக்கில் 10.7 சதவீதம், 2024இல் 13 சதவீதத்துக்குச் சற்று மேல். மொத்த வாக்கே 2 லட்சத்துக்கும் குறைவாக இருந்த நிலை மாறி ஏழரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. இடையில் காரணம் சொல்லாமலே அஞ்சலில் வாக்களிக்கும் உரிமையும், ஒன்பது நாள் முன்கூட்டிய வாக்குப்பதிவும் அந்த மாநிலத்தில் வந்துவிட்டன. மாநில சராசரியை விட்டுவிட்டு, அரபு அமெரிக்கர்கள் அதிகம் வாழும் டியர்பார்ன் நகரின் வாக்கைத் தனியாக எடுத்தால்தான் செய்தி கிடைக்கும். அங்கே அந்தக் கட்டம் பைடனையே முந்தியது.