ரூசெலாரேயின் 294 மரத் தொட்டிகள்

நேயர்களுக்கு வணக்கம். பெல்ஜியம் என்றால் நமக்குச் சாக்லேட் ஞாபகம் வரும், சிலருக்கு ஆண்ட்வெர்ப்பின் வைரப் பட்டறைகள் ஞாபகம் வரும். அந்த நாட்டுக்காரரைக் கேட்டால் பீர்தான் என்பார். 2016இல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. குடியைப் பற்றி வானொலியில் என்ன பேச்சு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நான் பேச வந்தது புளிப்பைப் பற்றி. ராத்திரி கரைத்து வைத்த தோசை மாவு காலையில் பொங்கி நிற்கிறதல்லவா, அந்த வேலையை இரண்டு வருஷம் நிதானமாகச் செய்யும் ஓர் ஆலையைப் பற்றி.

பெல்ஜியத்தின் மேற்கு மூலையில், மேற்கு ஃபிளாண்டர்ஸ் மாகாணத்தில் ரூசெலாரே என்று ஓர் ஊர். அங்கேதான் ரோடன்பாக் ஆலை இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் பூர்வீகம் ஜெர்மனி, ரைன் நதிக்கரை. 1821இல் பெட்ரோ, அலெக்சாண்டர், ஃபெர்டினாண்ட், கான்ஸ்டன்டைன் என்ற நான்கு சகோதரர்கள் கூட்டாக ஊரில் ஒரு சின்ன ஆலையை வாங்கினார்கள். நால்வரில் அலெக்சாண்டருக்குக் கண் தெரியாது. பதினோரு வயதில் பார்வை போனது. பாரிசில் பார்வையற்றோர் கல்வியின் முன்னோடியான வாலந்தீன் ஆவுயியிடம் படித்தார். பார்வையற்றோரைப் பற்றியும் காது கேளாதோரைப் பற்றியும் பின்னாளில் புத்தகங்கள் எழுதினார். 1830இல் பெல்ஜியம் நெதர்லாந்திடமிருந்து பிரிந்தபோது அலெக்சாண்டரும் கான்ஸ்டன்டைனும் புதிய நாட்டின் அரசியல் சட்டத்தை வகுத்த தேசிய காங்கிரஸ் என்ற சபையில் உட்கார்ந்தார்கள். நெதர்லாந்தை ஆண்ட ஆரஞ்சு அரச வம்சத்தவர் யாரும் இனி எந்நாளும் பெல்ஜியத்தை ஆளக் கூடாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் கான்ஸ்டன்டைன். அலெக்சாண்டர் அதன் பிறகு 1868 வரை நாடாளுமன்ற உறுப்பினர்.

சரி, நாட்டைப் பிரிப்பதில் இத்தனை மும்முரமாக இருந்தால் ஆலையை யார் பார்ப்பது? பெட்ரோவும் ராணுவத்துக்காரர். அவருடைய மனைவி ரெஜினா வௌட்டர்ஸ்தான் பார்த்துக்கொண்டார். மெக்கலன் ஊரில் பீர் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்த பெண். தொழில் கைவசம் இருந்தது. சகோதரர்களின் கூட்டு 15 வருஷத்துக்குத்தான் என்று பேச்சு. 1836இல் கெடு முடிந்தபோது பெட்ரோவும் ரெஜினாவும் மற்றவர்களின் பங்கை வாங்கிக்கொண்டார்கள். போத்தலில் ரோடன்பாக் என்ற பெயர் இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் வௌட்டர்ஸ் என்றும் ஒரு வரி இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மகன் எட்வர்ட் ஆலையைப் பெரிதாக்கினார். அதற்கடுத்த தலைமுறையில், 1870களில், யூஜீன் ரோடன்பாக் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே போர்ட்டர் என்ற கறுத்த பீரைப் பிரம்மாண்டமான மரத் தொட்டிகளில் மாதக்கணக்கில் பழக வைப்பார்கள். நன்றாகப் பழகிப் புளித்ததைப் புதியதோடு கலந்து விற்பார்கள். யூஜீன் அந்த முறையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார் என்று ஆலையின் வரலாறு சொல்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், கற்றுக்கொடுத்த இங்கிலாந்தில் அந்தப் பழக்கம் அநேகமாக மறைந்தே போனது. கற்றுக்கொண்ட ரூசெலாரேயில் நிலைத்துவிட்டது.

அந்தத் தொட்டிக்கு அவர்கள் மொழியில் ஃபூடர் என்று பெயர். ஓக் மரம், நிமிர்ந்து நிற்கும் தொட்டி, சுற்றிலும் சிவப்புச் சாயம் பூசிய இரும்பு வளையங்கள். இப்படி 294 தொட்டிகள் இருக்கின்றன. கிட்டத்தட்ட 12,000 லிட்டரில் ஆரம்பித்து 65,000 லிட்டர் வரை கொள்பவை. நூறு வருஷம், நூற்றைம்பது வருஷம் தாண்டியவையும் அவற்றில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. பலகைகளை இணைக்க ஆணியோ பசையோ கிடையாது. வளையத்தின் இறுக்கமும், ஈரத்தில் மரம் உப்புவதும்தான் பிடிமானம். இடுக்கில் வைத்து அடைக்க என்ன பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? காய்ந்த கோரை. நாம் பாய் பின்னும் கோரைக்குத் தூரத்து உறவு. இந்த மரவேலைக்கென்றே ஆலையில் ஆட்கள் உண்டு. தொட்டியைப் பலகை பலகையாகக் கழற்றி, கெட்டுப்போனதை மாற்றி, மறுபடி கட்டி எழுப்புவார்கள்.

இவ்வளவு பெரிய தொட்டி எதற்கு, சின்னப் பீப்பாய் போதாதா என்று கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம். மரத்தின் வழியாகக் காற்று மெல்ல மெல்ல உள்ளே கசியும். சின்னப் பீப்பாயில் ஒரு லிட்டருக்கு உரசும் மரப்பரப்பு அதிகம். காற்றும் அதிகம் போகும். வெகு சீக்கிரம் வினிகராகிவிடும். தொட்டி பெரிதாக ஆக, அந்தப் பரப்பு குறையும், காற்று அளவோடு போகும். வினிகரின் வாசலுக்குக் கூட்டிப்போய் உள்ளே விடாமல் நிறுத்தி வைக்கிற கணக்கு இது.

முளைகட்டிய தானியத்தைக் காய்ச்சி எடுத்த சாற்றில் முதலில் ஈஸ்டும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாவும் சேர்ந்து வேலை செய்யும். நம் தோசை மாவிலும் தயிரிலும் இருப்பது இந்தப் பாக்டீரியாக்களின் சொந்தக்காரர்கள்தான். பிறகு இளம் பீரின் ஒரு பகுதி ஃபூடருக்குள் போகும். இரண்டு வருஷம் யாரும் தொட மாட்டார்கள். மரத்தின் நாரில் குடியிருக்கும் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட், மற்ற ஈஸ்ட் சாப்பிட முடியாமல் விட்ட சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து பழ வாசனை பிறக்கும். பழம் எதுவும் சேர்க்காமலே செர்ரி, பச்சை ஆப்பிள் வாசனை வருவது அதனால்தான். நிறம் செம்பழுப்பு. குடிப்பவர்கள் பீர் என்பதைவிட ஒயின் ஞாபகம் வருகிறது என்பார்கள்.

பழகியது அப்படியே போத்தலுக்குப் போவதில்லை. கலப்பு உண்டு. சாதாரண ரோடன்பாக்கில் முக்கால் பங்கு இளசு, கால் பங்கு பழகியது. கிராண்ட் க்ரூ என்ற வகையில் மூன்றில் இரண்டு பங்கு பழகியது. ஒரே நாளில் ஒரே சாற்றை ஊற்றினாலும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகள் ஒரே மாதிரி புளிப்பதில்லை. ஒன்று துடுக்கு, ஒன்று சாது. எதை எதோடு சேர்ப்பது என்று கலப்பவர் நாக்கில் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

1986இல், கண் தெரியாத அலெக்சாண்டர் பிறந்து இருநூறு வருஷம் ஆனதற்காக அவர் பெயரில் செர்ரி சேர்த்த ஒரு பீர் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1998இல், ஆலை குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. பெல்ஜியத்தின் இன்னொரு பீர் நிறுவனமான பால்ம் வாங்கியது. 2016இல் பால்மின் பெரும்பங்கு நெதர்லாந்தின் ஸ்விங்கெல்ஸ் குடும்ப நிறுவனத்திடம் போனது. எந்த நாட்டிலிருந்து பிரிய அந்தச் சகோதரர்கள் பாடுபட்டார்களோ, அதே நாடு! கான்ஸ்டன்டைன் இருந்திருந்தால் இன்னொரு தீர்மானம் எழுதியிருப்பார்.

கைமாறியதில் எனக்கும் சின்ன வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் வாங்கினவர்கள் தொட்டிகளைக் கழற்றி எஃகுக் கலன்களை வைக்கவில்லை. வைக்கவும் முடியாது. சூத்திரத்தைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம், பலகைக்குள் குடியிருக்கிற கூட்டத்தை எப்படி எழுதி வாங்குவது? 2007இலிருந்து விண்டேஜ் என்று ஒன்று போடுகிறார்கள். அந்த வருஷத்தில் நன்றாக அமைந்த ஒரே ஒரு தொட்டியிலிருந்து எடுத்து, இளசு எதுவும் கலக்காமல் போத்தலில் அடைப்பது. ரோடன்பாக் என்ற பெயரோடு அந்தத் தொட்டியின் எண்ணையும் லேபிளில் அச்சடிக்கிறார்கள்.