யாருக்கு என்று முதலில் சொல்லுங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கைவேலைகளைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டபோது உடனே சரி என்றுவிட்டேன். 31 வருடம் பள்ளிக்கூடத்தில் தையல் ஆசிரியையாக இருந்தவள் நான். பேச எத்தனையோ இருந்தாலும் இன்று இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பழைய துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுப் போர்வை ஒன்று. கையால் செய்யும் வாழ்த்து அட்டை இன்னொன்று. போர்வைக்கு இரண்டு மாதம் பிடிக்கும், அட்டை ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

இந்த இரண்டையும் யாராவது ஒருவருக்காகத்தான் செய்ய முடியும். என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் "என்ன டிசைன் போடலாம், டீச்சர்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பி, "யாருக்கு?" என்று கேட்பேன். அதற்குப் பதில் இல்லாவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். என் வீட்டுப் பரணிலேயே அப்படி நின்றுபோனவை மூன்று மூட்டை இருக்கின்றன.

எங்கள் வீட்டில் ஒருத்தி உண்டாகியிருக்கிறாள் என்றால், ஏழாம் மாதத்திலேயே ஆச்சி பழைய நூல் சேலைகளை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டுவிடுவார். ஒன்று தூளிக்கு. மற்றவற்றை நாலாக மடித்து, ஓரம் தைத்துப் பிள்ளைக்கு அடியில் விரிக்க. புதுத்துணி உறுத்தும். பல வருடம் உடுத்தித் துவைத்த நூல் சேலையின் மெதுமெதுப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

வங்காளத்துப் பெண்கள் இதே வேலையைப் பெரிய கலையாகவே வளர்த்தார்கள். பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலைக் கொண்டே, ஊசியை மேலும் கீழுமாக விட்டு ஓட்டும் ஓட்டுத் தையல் போட்டு, பூவும் மீனும் யானையும் வரைவார்கள். அதற்குப் பெயர் காந்தா. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்கிறோமே, அந்தக் கந்தையும் இந்தக் காந்தாவும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. இது தெரிந்த நாளிலிருந்து கந்தை என்ற சொல் எனக்கு இழிவாகப் படுவதே இல்லை.

கர்நாடகத்தில் வடகன்னட மாவட்டத்தின் காட்டோர ஊர்களில் சித்தி என்ற இனத்தைச் சேர்ந்த மக்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் தைக்கும் ஒட்டுப் போர்வைக்குக் கவந்த் என்று பெயர். ஒரு மூலையில் தொடங்கி ஓரத்தோடு சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே வருவார்கள். கடைசியில், மடித்த சின்ன முக்கோணத் துணிகளை மூலைகளில் வைத்துப் பூ மாதிரி தைப்பார்கள். அந்தப் பூ இல்லாவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை.

இன்னும் தூரத்தில் ஒரு ஊர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கும் ஜீஸ் பெண்ட். அடிமைகளாக உழைத்தவர்களின் சந்ததியினர் பருத்திக் காட்டில் பாடுபட்டு வாழ்ந்த ஊர். அந்த ஊர்ப் பெண்கள் குளிருக்காகப் போர்வை தைத்தார்கள். வேலைக்குப் போட்டுப்போட்டுத் தேய்ந்த கால்சட்டை, சட்டை, மாவுச் சாக்கு, இவைதான் துணி. 1942இல் மிசௌரி பெட்வே என்ற பெண், இறந்துபோன தன் கணவரின் வேலை உடைகளை எல்லாம் பிரித்து ஒரு போர்வை தைத்தார். வெளுத்த நீலமும் சாம்பல் நிறமும் பட்டை பட்டையாக இருக்கும். படத்தில் பார்த்தபோது எனக்கு வெகுநேரம் பேச்சு வரவில்லை. உழைத்த மனிதரின் உடம்பு தேய்த்த துணி அது, அவர் வீட்டாரையே போர்த்தியது. அந்த ஊர்ப் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நகரத்து அருங்காட்சியகத்தின் சுவருக்குப் போயின. 2006இல் அமெரிக்கத் தபால் துறை பத்துப் போர்வைகளின் படத்தைத் தபால்தலைகளாகவே வெளியிட்டது.

சரி, நாம் எப்படி ஆரம்பிப்பது? பிள்ளைக்கு ஒரு சின்னப் போர்வையில் தொடங்குங்கள். பட்டு, பாலியெஸ்டர், நூல் மூன்றையும் கலக்காதீர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சுருங்கி, முதல் சலவையிலேயே போர்வையைக் கோணலாக்கிவிடும். நூல் துணி மட்டும் போதும். சுங்குடி மாதிரி அடர்ந்த நிறம் இருந்தால் தனியாக ஊறவையுங்கள். மூன்றாவது அலசலிலும் தண்ணீர் சிவந்தால் அந்தத் துணி இதற்கு வேண்டாம்.

ஒரு கெட்டி அட்டையில் 5 அங்குலச் சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். அதை வைத்துக் கோடு போட்டு 80 துண்டுகள் வெட்டுங்கள். பக்கத்துக்குக் கால் அங்குலம் தையலுக்குப் போனால் நாலரை அங்குலம் மிஞ்சும். அகலத்தில் 8, நீளத்தில் 10 என்று வைத்தால் 36க்கு 45 அங்குலம் வரும். இந்தக் கால் அங்குலத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தையலுக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், வித்தியாசம் வந்தால்கூட, எட்டுக் கட்டத்துக்கு ஏழு தையல், ஏழு நூல், ஏறக்குறைய ஓர் அங்குலம் இழுத்துக்கொள்ளும். அப்புறம் வரிசையும் வரிசையும் சேராது. பிரித்துத் தைப்பதைத் தவிர வழி கிடையாது.

தைப்பதற்கு முன்னால் 80 துண்டுகளையும் தரையில் பரப்பிவிட்டு, ஒரு முக்காலியில் ஏறி நின்று பாருங்கள். கண்ணைச் சற்றே சுருக்கிப் பார்த்தால் எந்த நிறம் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று தெரியும். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்தது இந்த அரைமணி நேரம்தான். மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருக்கலாம்.

மேல்துணி ஆனதும், நடுவில் ஒரு பழைய நூல் சேலையோ நைந்த நூல் போர்வையோ, அடியில் ஒரு முழுத்துணி. நடுவில் இலவம்பஞ்சு வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். துவைத்தால் உருண்டு திரண்டு கட்டியாகிவிடும். நம் ஊர் வெயிலுக்கு மூன்று அடுக்குத் துணியே தாராளம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பெரிய பெரிய தையலாக இழையோட்டி வையுங்கள். இல்லாவிட்டால் அடுக்குகள் நகர்ந்து சுருக்கம் விழும். பிறகு மூன்றும் சேரும்படி மூன்று, நாலு அங்குலத்துக்கு ஒரு வரிசை ஓட்டுத் தையல். ஓரப்பட்டி வைத்து முடித்துவிடலாம்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் தூர எறியாதீர்கள். வாழ்த்து அட்டைக்கு அவைதான் முதல் சரக்கு.

பொங்கல் வாழ்த்து அனுப்பிய காலத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. மார்கழி பாதியிலேயே பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். கரும்பும் பானையும் ஒரு பக்கம், முருகனும் பிள்ளையாரும் ஒரு பக்கம், நடிகர்கள் இன்னொரு பக்கம். உறையை ஒட்டாமல் மடிப்பை உள்ளே செருகி புக்போஸ்டில் போட்டால் அப்போது குறைந்த தபால்தலையே போதுமாக இருந்தது. அச்சடித்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் கதை வேடிக்கையானது. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் எல்லோருக்கும் கடிதம் எழுத நேரமில்லை. ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரை வரையச் சொல்லி அச்சடித்து அனுப்பிவிட்டார். நேரத்தை மிச்சப்படுத்தப் பிறந்த அட்டை அது. கையால் செய்யும் அட்டையில் நாம் ஒருவருக்கு அந்த நேரத்தைத் திரும்பக் கொடுக்கிறோம்.

அட்டைக்குக் காகிதம் வாங்கப் போகாதீர்கள். வீட்டில் சேர்ந்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகளைவிட நல்ல கெட்டித் தாள் கிடையாது. அச்சில்லாத பின்பக்கத்தை வெளியே வைத்துக்கொள்ளலாம். அப்படியே மடித்தால் வெடித்துப் பிசிறும். அளவுகோலை வைத்து, மை தீர்ந்த ரீஃபிலால் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு மடியுங்கள், கத்தி போல மடியும். உறைக்கு, வந்த தபாலின் உறை ஒன்றைப் பிரித்து விரித்தால் அதுவே அளவு.

அலங்காரத்துக்கு அரச இலை இருக்கிறது. சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டால் சதை அழுகி நரம்பு மட்டும் வலை மாதிரி நிற்கும். மெல்ல அலசி, புத்தகத்துக்குள் வைத்துக் காயவிடுங்கள். இன்னொரு வழி, நூலை மையில் நனைத்து, மடித்த தாளுக்குள் வைத்து அழுத்தி உருவினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைவு விழும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தத் தாளைத் திறக்கும்போது போடும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தபாலில் அனுப்புவதென்றால் விதை, மணி, சிப்பி ஒட்டாதீர்கள். முத்திரை குத்தும்போது நொறுங்கிவிடும்.

ஒரு வருடம் பொங்கலுக்கு எல்லாப் பிள்ளைகளும் அட்டை செய்தார்கள். மாமாவுக்கு, சித்திக்கு, ஊருக்குப் போன சிநேகிதிக்கு என்று முகவரி எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும், "தபால்கார மாமாவுக்கு யாராவது அனுப்புவாங்களா, டீச்சர்?" என்று கேட்டாள். பொங்கல் இனாம் கொடுப்போமே தவிர வாழ்த்து அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. அவள் தன் பழைய பாவாடைத் துணியில் ஒரு சைக்கிள் வெட்டி ஒட்டினாள். சக்கரத்துக்குச் சட்டைப் பொத்தான் இரண்டைத் தைத்தாள். தபாலில் போட்டால் உடைந்துவிடும் என்று பள்ளிக்கூடத்து வாசலில் காத்திருந்து கையிலேயே கொடுத்தாள். அவர் சைக்கிளை விட்டு இறங்கி, வாங்கிப் பார்த்து, தபால் பைக்குள் வைக்காமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

போர்வையைக் கொடுக்கும்போது கூடவே ஓர் அட்டை செய்து, அதே துணியில் ஒரு துண்டை அதில் ஒட்டிக் கொடுப்பது என் வழக்கம். எந்தத் துண்டு யாருடைய சேலை என்று அதில் எழுதிவிடுவேன். "மூன்றாவது வரிசையில் பச்சைக் கட்டம், உன் பெரியம்மா முதல் சம்பளத்தில் எடுத்தது" என்கிற மாதிரி. போர்வைக்குப் பின்னால் ஒரு மூலையில் வருடத்தையும் நூலால் போட்டுவிடுங்கள்.

இப்போது நான் தைத்துக்கொண்டிருப்பது தங்கை பேத்தியின் முதல் பிள்ளைக்கு. ஆச்சியின் கண்டாங்கி ஒன்று நைந்துபோய்க் கிடந்தது, அதில் உருப்படியாகத் தேறியது 11 துண்டு. தையலில் இன்னும் மூன்று வரிசை பாக்கி. பிள்ளை தை மாதம் பிறக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போய் ஊசியை எடுக்க வேண்டும். வணக்கம்.