நீலக் கட்டமும் மஞ்சள் கோடுகளும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஒரு கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியவர்களே, வாசலில் மோட்டார் சைக்கிளை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, வணக்கம்.

நான் மேடைப் பேச்சாளன் இல்லை. பாதி வயதைச் சாலைக்குக் கோடு போட்டே கழித்தவன். பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தவர்களின் பிள்ளை இந்த வேலைக்குப் போனதில் ஒரு பொருத்தமும் உண்டு. அந்தக் காலத்துச் சாலைச் சாயங்கள் பலவற்றில் குளோரின் ஏற்றிய ரப்பர் இருந்தது. அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் எடுத்த பாலில் ஒரு சொட்டாவது நான் அடித்த கோட்டில் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, ஓகேயு பார்க்கிங், அதாவது மாற்றுத்திறனாளிகள் வண்டி நிறுத்தும் கட்டம், ஏன் நீலம் என்று பேசச் சொன்னார்கள். சாலையில் ஓரத்து இரட்டை மஞ்சள் கோடு வண்டியை நிறுத்தாதே என்கிறது. சந்திப்பில் உள்ள மஞ்சள் கட்டம் வழியை அடைக்காதே என்கிறது. சிவப்பு வந்தாலே தடைதான். நீலம் யாரையும் அதட்டாத நிறம், தகவல் பலகையின் நிறம். சக்கர நாற்காலிச் சின்னத்தை 1968-இல் வரைந்தவர் சூசன் கோஃபோட் என்ற டென்மார்க் மாணவி. அவர் வரைந்ததில் தலை கிடையாது, வெறும் நாற்காலிதான். மறு வருடம் கார்ல் மோன்டன் என்பவர் மேலே ஒரு வட்டத்தை வைத்தார். நாற்காலியில் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார்! நீலத்தில் வெள்ளையாக அது உலகம் முழுக்கப் பரவியது.

அதற்காக எல்லா நாட்டிலும் தரை நீலம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகள் காரில் வைக்கும் அட்டையே முதலில் ஆரஞ்சு. 2000-இல்தான் நீலத்துக்கு மாறியது. இன்றும் அங்கே தெருவோரக் கட்டத்தின் கோடு வெள்ளை. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கட்டத்துக்கு அகலம் உண்டு, கோட்டுக்கு நிறம் இல்லை. நம் பக்கம் தரை முழுக்க நீலம் அடித்து நடுவில் வெள்ளைச் சின்னம் போடுவது வழக்கம்.

இந்த நீலத்துக்கு ஒரு குறை இருக்கிறது. ஆரஞ்சு வெளிச்சம் தரும் பழைய சோடியம் விளக்கின் கீழே நீலம் ஏறக்குறையக் கறுத்துவிடும். தாரும் கறுப்பு, கட்டமும் கறுப்பு. வெள்ளைச் சின்னம்தான் அப்போது கண்ணில் படும். அதுவும் தேய்ந்துபோனால் ராத்திரியில் அங்கே கட்டமே இல்லை.

இன்னொரு குறை நானே செய்தது. ஒரு கடை வரிசைக்கு முன்னால் நீலத்தை வழவழவென்று அடித்துவிட்டு வந்தேன். என் மாமாவுக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் போயிருந்த சமயம். மழை விட்ட சாயங்காலம், காரைவிட்டு இறங்கி ஊன்றுகோலை வைத்தார். அது அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விட்டது. கதவைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தார். "மாப்ள, நல்லா பளபளன்னுதான் அடிச்சிருக்கே" என்றார். அன்றிலிருந்து நடமாட்டம் உள்ள இடத்துச் சாயத்தில் பொடி மணல் கலக்காமல் நான் அடித்ததில்லை.

அப்புறம் மாமா சக்கர நாற்காலிக்கு வந்தார். ரத்தச் சுத்திகரிப்புக்கு நான்தான் கூட்டிப் போவேன். ஒரு நாள் எல்லாம் முடிந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு காருக்கு வருகிறேன். நீலக் கட்டத்தில் என் கார் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் சாய்வாய்ச் சாய்வாய் மஞ்சள் கோடு போட்டிருக்கிறதே, அந்தப் பட்டையில் இரண்டு மோட்டார்கள். கதவு ஒரு சாண் திறந்தது, அதற்கு மேல் இல்லை. மாமாவை வெயிலில் விட்டுவிட்டு, காரைப் பின்னால் எடுத்து நடுவழியில் நிறுத்தி, பின்னால் வந்தவன் ஹாரன் அடிக்க அடிக்க அவரைத் தூக்கி உட்கார வைத்தேன். மோட்டார்க்காரத் தம்பி ஓடி வந்தான். நல்ல பையன்தான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "அண்ணே, நான் நீலத்துல வைக்கலையே!" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. அவன் சொன்னது உண்மைதானே? நீலத்தைப் பற்றி ஊருக்கே தெரியும். மஞ்சள் பட்டையைப் பற்றி யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அது மிச்ச இடம் இல்லை தம்பி, கதவு திறக்கும் இடம். நாற்காலி வந்து, திரும்பி, இருக்கையை ஒட்டி நிற்கும் இடம். அமெரிக்க விதியில் காருக்குக் குறைந்தது 8 அடி, பக்கத்துப் பட்டைக்குக் குறைந்தது 5 அடி. அந்த 5 அடியை எடுத்துக்கொண்டால் மாமாவுக்கு அந்த 8 அடியும் இல்லை.

கடைசியாக ஒரு விஷயம். இந்த மண்டபத்து வாசலில் வருகிற சனிக்கிழமை காலை 7 மணிக்குக் கட்டம் போடுகிறோம். சாயமும் மணலும் நான் கொண்டு வருகிறேன். தூண் ஓரமாக மோட்டார் வைப்பவர்கள் வெள்ளி இரவே எடுத்துவிடுங்கள். மஞ்சள் பட்டை அங்கேதான் வரப்போகிறது.