நாற்காலி போனது, ஒப்பந்தம் நின்றது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பிரிட்டன் ஆட்சியில் உள்ள வட அயர்லாந்தில் புராட்டஸ்டண்ட் தரப்பின் தலைவராக இருந்த டேவிட் டிரிம்பிளுடைய அரசியல் வாழ்வு வெற்றியா, தோல்வியா? வெற்றியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 2005 தேர்தலைக் கையில் எடுத்தார். டிரிம்பிள் அப்பர் பான் தொகுதியை இழந்தார், பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகளுக்கான அவருடைய அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கட்சிக்கு லண்டன் நாடாளுமன்றத்தில் மிஞ்சியது ஒரே ஓர் இடம், தலைமைப் பதவியும் போயிற்று என்றார். அத்தனையும் உண்மைதான்.

ஆனால் அவர் எங்கிருந்து கிளம்பினார் என்று சொன்னீர்களா? 1974-ல், கத்தோலிக்கத் தரப்போடு அதிகாரத்தைப் பகிர்ந்த சன்னிங்டேல் கூட்டு அரசை வேலைநிறுத்தத்தால் கவிழ்த்தவர்களோடு நின்ற சட்ட விரிவுரையாளர் அவர். 1995-ல் டிரம்கிரீயில் புராட்டஸ்டண்டுகளின் ஆரஞ்சு ஊர்வலம் கத்தோலிக்கர் குடியிருப்பைக் கடந்து வந்ததும் தீவிர யூனியனிஸ்ட் தலைவர் இயன் பெய்ஸ்லியோடு கைகோத்து நடந்தவர். அந்தக் காட்சி கத்தோலிக்கர் மனதை எப்படி அறுத்திருக்கும்! அதே மனிதர், 1997-ல், ஒன்றுபட்ட அயர்லாந்துக்காக ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ-வின் அரசியல் முகமான சின் ஃபெயின் கட்சி அமைதிப் பேச்சுவார்த்தைக்குள் வந்து பெய்ஸ்லி வெளியேறியபோது, எழுந்து போகாமல் உள்ளேயே இருந்தார். 1998 ஏப்ரல் 10 அன்று, தன் குழுவிலேயே ஒருவர் விலகிப் போன பிறகும், இரு தரப்பும் ஆட்சியைப் பகிர்ந்துகொள்ளும் புனித வெள்ளி அமைதி ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தார்.

தன் மக்களை விற்றுவிட்டாரா? பெரும்பான்மை மக்கள் விரும்பாதவரை வட அயர்லாந்தைப் பிரிட்டனிலிருந்து பிரிக்க முடியாது என்று எழுதி வாங்கினார். தீவு முழுவதையும் உரிமை கொண்டாடிய டப்ளின், அதாவது அயர்லாந்துக் குடியரசு, தன் அரசியலமைப்பு வாசகத்தையே மாற்றியது. ஒப்பந்தத்தின் மீது நடந்த வாக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 71 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். ஐ.ஆர்.ஏ ஆயுதத்தைக் கைவிடவில்லை என்று 2001 ஜூலையில் முதலமைச்சர் பதவியையே உதறினார். அக்டோபரில் முதல் தொகுதி ஆயுதங்கள் செயலிழக்கச் செய்யப்பட்டன.

1998-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற மேடையில் அவர் சொன்னதுதான் என்னை உலுக்குகிறது. யூனியனிஸ்டுகள் உறுதியான வீடு கட்டினார்கள், ஆனால் கத்தோலிக்கருக்கு அது குளிர்ந்த வீடாக இருந்தது என்றார். நமக்குக் குளிர்ந்த வீடு சுகம். அந்த ஊரில் அது கணப்பு மூட்டாத வீடு. தன் தரப்பின் குற்றத்தை உலகத்தின் முன் ஒப்புக்கொள்ள எத்தனை தலைவர்களுக்கு நெஞ்சுரம் இருக்கிறது?

நடுவர் அவர்களே, டிரிம்பிளை வீழ்த்தியது பெய்ஸ்லியின் கட்சி. அந்தப் பெய்ஸ்லி 2007 மே 8 அன்று எந்தப் பதவியை ஏற்றார்? இந்த ஒப்பந்தம் உண்டாக்கிய, டிரிம்பிள் முதன்முதலில் வகித்த அதே முதலமைச்சர் பதவியை. பக்கத்தில் யார்? முன்னாள் ஐ.ஆர்.ஏ தளபதி மார்ட்டின் மெக்கின்னஸ். ஜெயித்தவரே தோற்றவருடைய வழிக்கு வந்து சேர்ந்திருக்கிறார். இதைத் தோல்வி என்று எப்படி எழுதுவீர்கள்?